அலையும் துடுப்பும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை சென்னைக்கு முறையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரமிடும். ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை மசூலா படகுகள். ஆணி இல்லாமல், பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்த படகு. தரை தட்டினால் நெளிந்துகொடுக்கும், எளிதில் உடையாது. இந்தப் படகோட்டிகளின் ஊர்தான் இராயபுரம். அவர்களில் கத்தோலிக்கர்கள் தங்கள் சம்பாத்தியத்தில் 1829இல் கட்டியது புனித இராயப்பர் ஆலயம்.

கரையேறும் கடைசி நிமிடத்தில்தான் அதிசயம் இருக்கிறது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் தணியும், உயரம் கூடும். இரண்டு மீட்டர் ஆழத்தில் அது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் வரும். சுமையேற்றிய படகைத் துடுப்பு வலித்து அந்த வேகத்துக்குக் கொண்டுபோவது கடினம். சும்மா மிதந்தாலோ அலை அடியில் புகுந்து கடந்துபோய்விடும். படகு முன்னமே கரையை நோக்கி வேகமெடுத்திருந்தால்தான் அலை அதை ஏந்திக்கொள்ளும். அதனால் படகுத் தலைவனான தண்டேல் குரல் கொடுத்ததும் எல்லோரும் ஒருசேர வலிக்க வேண்டும். கரைசேர்க்கும் விசை அலையுடையது. ஆனாலும் கைகள் ஓய்ந்திருக்க முடியாது.

கரைசேர்ப்பது கையா, அலையா என்பதுபோலவே, மனிதன் புனிதனாவது தன் முயற்சியாலா, கடவுளின் அருளாலா என்று கிறிஸ்தவம் 1,600 ஆண்டுகளாக விவாதித்து வருகிறது. கட்டளை தந்த கடவுள் அதைக் கடைப்பிடிக்கும் சக்தியையும் தந்திருக்கிறார், முயன்றால் போதும் என்றார் துறவி பெலாஜியுஸ். மனமே கட்டுண்டு கிடக்கிறது, அருள் தொடாமல் அது அசையாது என்றார் ஆயர் அகுஸ்தீன். 418இல் கார்த்தேஜில் கூடிய திருச்சபைச் சங்கம் பெலாஜியுஸின் போதனையைத் தள்ளியது. முதல் அடி நம்முடையது, மிச்சம் அருளுடையது என்று சிலர் சமரசம் பேசினார்கள். 529இல் ஆரஞ்ச் நகரில் கூடிய சங்கம் அதையும் ஏற்கவில்லை: கடவுளை நாடும் முதல் ஆசையே அருள்தான் என்றது.

படகு உவமை இந்த இடத்தில் போதாமல் போகிறது. படகோட்டியின் கைபலம் வேறு, அலை வேறு. சங்கமோ துடுப்பெடுக்கத் தோன்றுவதே கொடை என்கிறது. ஆனால் அதே சங்கம், திருமுழுக்குப் பெற்றவர்கள் கிறிஸ்துவின் துணையோடு உழைக்க முடியும், உழைக்கவும் வேண்டும் என்றும் சொன்னது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு. இராயபுரம் இருக்கும் வடசென்னையையே பாருங்கள். தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு இருக்கும் கத்தோலிக்கர் பசியை விலையாகக் கொடுத்து மீட்பை வாங்குவதாக நினைப்பதில்லை. அருளால் மட்டுமே மீட்பு என்று போதிக்கும் சபைகளில்தான் உபவாச ஜெபமும் முழு இரவு ஜெபமும் அத்தனை உக்கிரமாக நடக்கின்றன. தனக்கு ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று நம்புகிறவர், கூலிக்கு உழைப்பவரைவிட அதிக நேரம் முழங்காலில் நிற்கிறார்.