இரவல் ஆட்டக்காரர்: இளங் காற்பந்து வீரரும் கீழ்நிலை மன்றங்களும்

இரவல், கடன் என்னும் இரு சொற்களும் பேச்சு வழக்கில் ஒன்றுபோல் வழங்கினும் பொருளால் வேறானவை. அண்டை வீட்டில் ஒரு படி அரிசி வாங்கினால் அது கடன். வாங்கிய அரிசியையே யாரும் திருப்பித் தருவதில்லை. ஒத்த அளவுள்ள வேறு அரிசியையே தருவர். இவ்வாறு அளவு குறித்து வாங்கி அவ்வளவே எதிர் கொடுப்பதைக் ‘குறியெதிர்ப்பை’ என்றனர் முன்னோர். திருக்குறளின் ஈகை அதிகாரத்திலும் புறநானூற்றிலும் அச்சொல் ஆளப்பட்டுள்ளது. ஏணியோ குடையோ புத்தகமோ வாங்கினால் அது இரவல். வாங்கிய பொருளே மீள வேண்டும். ஒரு காற்பந்து மன்றம் தன் ஆட்டக்காரனை மற்றொரு மன்றத்துக்குக் குறித்த காலத்துக்கு அனுப்பி வைப்பதைச் சிலர் ‘கடன்’ என எழுதுகின்றனர். போன ஆளே திரும்பி வர வேண்டுமாகலின் இரவல் என்பதே அதற்குப் பொருந்தும். இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. திரும்பி வருதல் என்பதே இம்முறையின் உயிர்நிலை. பேராக் மாநிலத்து இளைஞரைப் பொறுத்தவரை அவ்வுயிர்நிலையே இன்று ஐயத்துக்குரியதாகிவிட்டது.

இரவல் முறை ஏன் தோன்றிற்று? பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞன் இரண்டும் கெட்டான் நிலையில் இருப்பவன். தன் வயதினரோடு ஆடும் போட்டிகளில் அவன் கற்க வேண்டியது பெரும்பாலும் முடிந்துவிட்டது. முதற் குழுவிலோ இடமில்லை. அங்கே வெளிநாட்டு ஆட்டக்காரரும் பழம்பெரும் வீரரும் நிற்கின்றனர். மலேசியாவில் 1985இல் தொடங்கிய ‘பியாலா பிரெசிடென்’ என்னும் தலைவர் கிண்ணமும், 2008இல் தொடங்கிய ‘பியாலா பெலியா’ என்னும் இளைஞர் கிண்ணமும் இத்தகையோர்க்கென்றே அமைந்தவை. எனினும், தன்னொத்த பையனை எதிர்த்து ஆடுவது வேறு. சம்பளத்துக்கு ஆடிக் குடும்பம் நடத்தும் முப்பது வயது தடுப்பாட்டக்காரரின் தோளோடு தோள் இடிபட்டு ஆடுவது வேறு. பின்னதைப் பயிற்சித் திடலில் கற்பித்தல் அரிது. ஆகவே கீழ்ப்படியில் உள்ள மன்றத்துக்கு அனுப்பி, வாரந்தோறும் ஆடவிட்டு, தேறியபின் மீட்டுக்கொள்கின்றனர்.

இங்கிலாந்தின் டேவிட் பெக்காம் 1995இல் மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து நான்காம் படியில் இருந்த பிரஸ்டன் மன்றத்துக்கு ஒரு மாத இரவலாகச் சென்று ஐந்து ஆட்டம் ஆடினார். ஹாரி கேனின் கதை இன்னும் விளக்கமானது. டோட்டன்ஹாம் மன்றம் அவரை 2011இல், பதினேழு வயதில், மூன்றாம் படியிலிருந்த லெய்ட்டன் ஓரியண்டுக்கு அனுப்பிற்று. அடுத்து மில்வால், பின்னர் நார்விச், அதன்பின் லெஸ்டர். நார்விச்சில் இருந்தபோது காலெலும்பு முறிந்தது. அப்போது அவருக்கு ஒரு தாய்மன்றம் இருந்தது. அது அவரை மீள அழைத்துக்கொண்டு, தேறியபின் மீண்டும் வேறிடம் அனுப்பிற்று. பிற்காலத்தில் இங்கிலாந்துக்கே மிகுதியான கோல்களை அடித்தவர் ஆனார். நான்கு மன்றங்களில் இரவலாய் அலைந்தவர் என்று இதைப் படிப்போர் பலர். நான்கு முறையும் திரும்பி வர ஒரு வீடு இருந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

புத்தகத்துக்கு வாயில்லை, ஆட்டக்காரனுக்கு உண்டு. ஆகையால் இரவலுக்கு விதிகள் வேண்டியிருந்தன. உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா 2022 ஜூலை 1 முதல் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தியது. அதன்படி, இரவல் ஓராண்டுக்கு மேற்படலாகாது. இரவலாக வாங்கிய மன்றம் அவனை மூன்றாமவருக்கு மறு இரவல் விடக்கூடாது. ஒரு மன்றம் பன்னாட்டளவில் கொடுக்கவும் வாங்கவும் கூடிய இரவல் ஆட்டக்காரர் எண்ணிக்கை முதலாண்டில் எட்டு, அடுத்த ஆண்டில் ஏழு, 2024 ஜூலை முதல் ஆறு எனக் குறைக்கப்பட்டது. பணக்கார மன்றங்கள் இளைஞரை மொத்தமாக வாங்கிக் குவித்து ஊரெங்கும் வாடகைக்கு விட்டதைத் தடுப்பதே இதன் நோக்கம். இருபத்தோரு வயதும் அதற்குட்பட்டவரும், அம்மன்றத்திலேயே பயின்று வளர்ந்தவரும் இக்கணக்கில் சேரார். ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் மூன்றாண்டுக்குள் தன் உள்நாட்டு விதிகளையும் இதற்கியைய அமைக்க வேண்டும் என்றும் பணிக்கப்பட்டது.

இவற்றுள் பெற்றோரும் ஆசிரியரும் அறியவேண்டிய விதி ஒன்று உண்டு. வாங்கிய மன்றம் இடையில் ஒப்பந்தத்தை முறித்தால், ஆட்டக்காரனுக்குத் தாய்மன்றத்துக்குத் திரும்பும் உரிமை உண்டு. தாய்மன்றம் அவனை உடனே ஏற்றுக்கொள்ளக் கடமைப்பட்டது. புறநானூற்றில் பொன்முடியார் தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர்க்கு வகுத்த ‘கடன்’ கடமைப் பொருளது. இரவல் கொடுத்த மன்றத்துக்கு உள்ள கடனும் அப்பொருளதே.

இனி நம் நாட்டை நோக்குவோம். இரவல் என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். மலேசியாவில் இளைஞரைப் பயிற்றுவதில் முதன்மையானது 2014இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம். அதன் தலைமையகமாகப் பகாங்கிலுள்ள கம்பாங்கில் மொக்தார் டஹாரி பயிற்சிக் கழகம் அமைந்தது. 1991இல் மறைந்த மாபெரும் தாக்குதல் ஆட்டக்காரரின் பெயர் அது. ஈப்போவிலிருந்து பார்த்தால் நடுமலைத் தொடருக்கு அப்பால், கிழக்குக் கரையோரம். பதின்மூன்று வயதில் தேர்வுபெறும் பையன் தாய் தந்தையரை விட்டு அங்கே விடுதியில் தங்கிப் படித்துப் பயில வேண்டும். பயிற்சியில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அக்கழகம் லீக்கில் ஆடும் மன்றம் அன்று. அதற்கு முதற் குழு இல்லை. எனவே மீட்டுக்கொள்ளும் தேவையும் இல்லை. அது பையனை இரவல் கொடுப்பதில்லை, வழியனுப்பி வைக்கிறது. இவ்வேறுபாட்டை அறியாமல், ‘கழகத்தில் சேர்ந்துவிட்டான், இனிக் கவலையில்லை’ என்றெண்ணும் பெற்றோர் உளர்.

இக்குறையைத் தீர்க்க வேறு வழிகள் முயலப்பட்டன. 2007 முதல் 2015 வரை ‘ஹரிமாவ் மூடா’ என்ற பெயரில் தேசிய இளைஞர் குழுவே பெரியவர்களின் லீக்கில் இறக்கிவிடப்பட்டது. சிங்கப்பூர் லீக்கிலும் அது ஆடிற்று. 2021, 2022ஆம் ஆண்டுகளில் மலேசியக் காற்பந்துச் சங்கமும் தேசிய விளையாட்டு மன்றமும் சேர்ந்து அமைத்த இளைஞர் குழு பிரிமியர் லீக்கில் ஆடிற்று. இந்தியாவிலும் 2010இல் ‘இந்தியன் ஏரோஸ்’ குழு இவ்வாறே தோன்றி, 2013இல் நின்று, 2017இல் மீண்டு, 2022இல் முடிவுற்றது. எல்லாம் சில ஆண்டுத் திட்டங்கள். இளைஞர்களை ஒன்றாக வைத்து ஆடவிடுவதில் நன்மை உண்டு; ஆயினும் கூட இருந்து வழிகாட்டும் மூத்த ஆட்டக்காரர் அக்குழுவில் இல்லை என்பது பெருங்குறை.

கம்பாங் கழகத்தில் வளர்ந்த லுக்மான் ஹக்கிம் ஷம்சுடினுக்கு உண்மையான தாய்மன்றம் ஒன்று வாய்த்தது, பெல்ஜியத்தின் கோர்ட்ரைக். அங்கே களமிறங்கும் வாய்ப்பு மிக அரிதாகவே கிடைத்தது. 2023இல் ஐஸ்லாந்தின் இரண்டாம் படியிலுள்ள நியார்ட்விக் மன்றத்துக்கும், 2024இல் ஜப்பானின் மூன்றாம் படியில் அப்போது இருந்த ஒரு யோக்கஹாமா மன்றத்துக்கும் இரவலாகச் சென்றார். கிளந்தானில் பிறந்த இளைஞர் மூன்று நாடுகளின் குளிரைக் கண்டார். கீழ்ப்படி மன்றம் என்பதை இழிவாகக் கருதுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம். உட்கார்ந்திருப்பதைவிட ஐஸ்லாந்தில் ஓடுவது மேல்.

பேராக் மாநிலத்தின் நிலை தனி. 1921இல் நிறுவப்பட்ட பேராக் காற்பந்துச் சங்கம் பழமையானது. 1926 முதல் 2018 வரை எட்டு முறை மலேசியக் கிண்ணம் ஈப்போவுக்கு வந்தது. 2018 இறுதியாட்டத்தில் திரெங்கானுவைப் பெனால்டி முறையில் வென்ற குழுவில் டி. கென்னி பால்ராஜ் போன்ற தமிழிளைஞரும் இருந்தனர். அந்நாளில் மாநிலத்தில் படிகள் பல இருந்தன. மேலே பேராக், அதனோடு மாநில வளர்ச்சிக் கழகத்தின் பி.கே.என்.பி. குழு 2017இல் பிரிமியர் லீக்கிலும், 2018, 2019இல் சூப்பர் லீக்கிலும் ஆடிற்று. 2020, 2021இல் பேராக்கின் இரண்டாம் குழு பிரிமியர் லீக்கில் ஆடிற்று. ஈப்போப் பையன் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே ஒரு படி இறங்கி ஆடி, ஒரு படி ஏறி வர வழியிருந்தது.

அப்படிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பி.கே.என்.பி. 2019க்குப் பின் லீக்கில் இல்லை. தனி நிறுவனமாக மாறிய பேராக் மன்றம் பணமுடையில் சிக்கி 2021 முடிவில் இரண்டாம் படிக்கு இறங்கிற்று. 2023இல் சூப்பர் லீக் விரிவாக்கப்பட்டபோது பேராக் மேலே வந்தது. ஆனால் அதே ஆண்டில் பிரிமியர் லீக்கே இல்லாது போயிற்று. நாட்டின் இரண்டாம் படி என்று 2019இல் தொடங்கிய எம்-3 லீக்கையும், 2024-25 முதல் அதன் வழிவந்த ஏ-1 பகுதித் தொழில்முறை லீக்கையும் கொள்ள வேண்டியதாயிற்று. மஞ்சோங் சிட்டி போன்ற பேராக் மன்றங்கள் அப்படியில் ஆடியவை. இறுதியில், 2025-26 பருவத்தில் பேராக் மன்றமே சூப்பர் லீக்கில் இடம்பெறவில்லை. கிண்ணம் வென்ற ஏழே ஆண்டுகளில் இது நேர்ந்தது. இரவல் கொடுத்த வீடு இடிந்தால் இரவல் பொருள் எங்கே திரும்பும்? விதி தரும் உரிமை ஏட்டில் இருக்கும், ஏற்றுக்கொள்ள ஆளிருக்காது.

தோட்டப்புறத்துக்கு இந்நிலை புதிதன்று. சுங்கை சிப்புட், தாப்பா, பீடோர், பாகான் செராய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டம் இருந்தவரை, லயத்தை அடுத்து ஒரு திடல் இருந்தது. பால்வெட்டு முடிந்த மாலையில் அதுவே பயிற்சிக் கழகம். தோட்டத்துக்குத் தோட்டம் பந்தயம் நடக்கும். நல்ல ஆட்டக்காரனை அடுத்த தோட்டத்தார் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேட்பதும் உண்டு. (அவனைத் திருப்பி அனுப்ப மறந்து வேலையும் கொடுத்துவிடுவது தனிக்கதை!) 1950களிலும் 1960களிலும் வெள்ளையர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. சுங்கை சிப்புட் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் காண முனைந்ததற்கு அதுவே காரணம். பின்னர்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. லயம் போயிற்று, திடலும் உடன் போயிற்று. தோட்டத்தை இழந்து நகர்ப்புற அடுக்குவீட்டுக்குப் போன குடும்பத்துப் பையனுக்கு முதற்படியாக எஞ்சியது பள்ளித் திடல் ஒன்றே. பேராக்கில் 130க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் திடலுள்ள பள்ளிகள் எத்துணைப் பெரும்பணி செய்கின்றன என்பதை இவ்விடத்தில் எண்ண வேண்டும்.

அப்பணிக்கு ஊதியம் உண்டா என்றால், கணக்கு சுவையானது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் ஒருவன் பன்னாட்டளவில் பணத்துக்கு மாறினால், அத்தொகையில் நூற்றுக்கு ஐந்து பங்கு அவனைப் பயிற்றிய மன்றங்களுக்குச் சேரவேண்டும் என்பது ஃபிஃபா விதி. இரவலுக்குக் கட்டணம் பெறினும் இது பொருந்தும். பன்னிரண்டாம் பிறந்தநாள் வரும் ஆண்டு முதல் இருபத்து மூன்றாம் பிறந்தநாள் வரும் ஆண்டு வரை கணக்கு. முதல் நான்காண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு மொத்தத் தொகையில் கால் விழுக்காடு; அதன்பின் ஆண்டுக்கு அரை விழுக்காடு. பத்து லட்சம் ரிங்கிட் மாற்றுத்தொகை என்றால், பன்னிரண்டு முதல் பதினைந்து வரை பயிற்றிய மன்றத்துக்குப் பத்தாயிரம் ரிங்கிட். பன்னிரண்டாம் வயது என்பது நம் ஆறாம் ஆண்டு வகுப்பு. தமிழ்ப்பள்ளியின் கடைசி ஆண்டும் கணக்கின் முதலாண்டும் ஒன்றாகின்றன. ஆனால் பள்ளி, சங்கத்தில் பதிவுபெற்ற மன்றம் அன்று. ஆகவே அதற்கு ஒரு காசும் இல்லை. ஏழு வயது முதல் பையனைத் தூக்கிவிட்ட ஆசிரியர்க்கு வாழ்த்து மட்டுமே. ஊரார் முயன்று ஒரு பதிவுபெற்ற இளைஞர் மன்றத்தை அமைத்து, பையனின் பெயரை ஆண்டுதோறும் அதில் முறையாகப் பதிந்து வந்தால் நிலைமை வேறு.

எஸ்.பி.எம். தேர்வு எழுதும் வயதும் முதல் ஒப்பந்தம் வரும் வயதும் ஏறத்தாழ ஒன்று. அப்போது பெற்றோர் தாளைத் தூக்கிக்கொண்டு தலைமையாசிரியரைத் தேடி வருவது இயல்பு. தாளில் முதலிற் பார்க்க வேண்டியது, பையன் எந்த மன்றத்துக்கு உரியவன் என்பது. தாய்மன்றத்தோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையெனில், எத்துணை இனிமையாகச் சொன்னாலும் அது இரவல் ஆகாது, விடுவிப்பே. அடுத்து, இரவல் காலத்தில் சம்பளம் தருவது யார் என்பது. வேறு உடன்பாடு எழுதப்படாவிட்டால் அக்காலத்தில் தாய்மன்றத்தின் ஒப்பந்தக் கடப்பாடுகள் நிறுத்தி வைக்கப்படும். வாங்கிய மன்றமே தரவேண்டும். காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, தங்குமிடம் எது என்பவையும் எழுத்தில் வேண்டும். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்து மூலம் பதினைந்து நாள் தவணை கொடுத்து, அதன்பின்னும் வராவிடின் ஒப்பந்தத்தை நியாயமான காரணத்தோடு முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. பதினெட்டு நிறையாதவனைப் பன்னாட்டு மாற்றமாக அனுப்புவது, சில விலக்குகள் நீங்கலாக, தடுக்கப்பட்டது. அவ்வயதுக்குட்பட்டவனோடு மூன்றாண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தமும் செய்ய இயலாது. ஐந்தாண்டு என்று எழுதியிருந்தாலும் முதல் மூன்றாண்டுக்கு மேற்பட்ட பகுதி செல்லுபடியாகாது.