விபத்துக்குப் பின் ஏற்படும் மனஅதிர்ச்சி: நோயாளரும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

சாலை விபத்தில் காயமுற்றவருக்கு எலும்பு கூடி, புண் ஆறிய பின்னரும் சில வேளைகளில் அச்சம் மட்டும் நீங்குவதில்லை. இது கோழைத்தனமன்று, சிகிச்சையால் குணப்படுத்தத்தக்க பாதிப்பாகும்.

ஏன் ஏற்படுகிறது?

உயிருக்கு ஆபத்து நேரும்போது, தப்பிக்கும் பொருட்டு மூளை உடலை முடுக்கிவிடுகிறது. இதயத் துடிப்பு மிகும், தசைகள் இறுகும். ஆபத்து நீங்கியதும் இந்நிலை தணிய வேண்டும். சிலரிடம் அது தணிவதில்லை. ஆகவே, வண்டியின் ஹாரன் ஓசையோ பெட்ரோல் வாடையோ கூட, விபத்து மீண்டும் நிகழ்வது போன்ற உணர்வை எழுப்புகிறது.

அறிகுறிகள்

• விபத்துக் காட்சி நினைவிலும் கனவிலும் மீண்டும் மீண்டும் தோன்றுதல்
• வாகனப் பயணத்தையும் விபத்து நேர்ந்த சாலையையும் தவிர்த்தல்
• சிறு ஓசைக்கும் திடுக்கிடுதல், உறக்கமின்மை, எரிச்சல்
• குற்றவுணர்வு, எதிலும் நாட்டமின்மை, பிறரிடமிருந்து விலகுதல்

முதல் சில வாரங்களில் இவை தோன்றுவது இயல்பே. பெரும்பாலோருக்குப் படிப்படியாகக் குறைந்துவிடும். ஒரு மாதத்திற்கு மேலும் நீடித்து அன்றாட வாழ்வைப் பாதித்தால் மனநல மருத்துவரை அணுக வேண்டும். சிலருக்குப் பல மாதங்கள் கழித்தும் இவை தொடங்கக்கூடும்.

தலையில் அடிபட்டவருக்குக் கடும் தலைவலி, தொடர் வாந்தி, குழப்பம், அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவை காணப்பட்டால், மனஅதிர்ச்சி என்று எண்ணிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

• நலம் விசாரிக்க வரும் ஒவ்வொருவரிடமும் நடந்ததை விவரிக்குமாறு வற்புறுத்தாதீர்கள். அவராகப் பேச முற்படும்போது குறுக்கிடாமல் கேளுங்கள்.
• "உயிர் பிழைத்ததே பெரிது, மறந்துவிடு" என்பது ஆறுதலாகக் கூறப்படினும், தம் துயரைச் சொல்ல இடமில்லை என்ற எண்ணத்தையே அவரிடம் உண்டாக்கும்.
• உறக்கத்திற்காக மது அருந்துவதையும், மருத்துவர் பரிந்துரையின்றித் தூக்க மாத்திரை உட்கொள்வதையும் தடுத்திடுங்கள்.
• உணவு, உறக்கம், சிறு வேலைகள் ஆகியவற்றை வழக்கமான நேரத்திற்குத் திருப்ப உதவுங்கள்.

சிகிச்சை

பயிற்சி பெற்ற உளவியலாளரின் துணையுடன், அஞ்சும் நினைவுகளையும் சூழல்களையும் சிறிது சிறிதாக எதிர்கொள்ளச் செய்யும் சிகிச்சை நல்ல பலன் தரும். தேவைப்படுவோருக்கு மருந்துகளும் வழங்கப்படும். மாவட்ட அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

வாழ விருப்பமில்லை என்று அவர் கூறினால், அதனை வெறும் புலம்பலாகக் கருதாதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனடியாக மருத்துவ உதவி பெறுங்கள்.