எறும்பின் கண் தெளிவு, கால் மங்கல்: ஏன்?

எறும்பைப் படமெடுத்தால் கண் பளிச்சென்று விழுகிறது. பின்னங்கால் புகைபோல் கரைகிறது. லென்ஸ் பழுதா? இல்லை. மேக்ரோ லென்ஸின் 1:1 அளவில், 5 மி.மீ. எறும்பு சென்சாரிலும் 5 மி.மீ. நீளத்துக்கே விழும். அப்போது எஃப்/8 துளையிலும் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 1 மி.மீ.தான். துளையை எஃப்/22 வரை சுருக்கினால் ஆழம் கூடும். ஆனால் ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவி, படம் முழுவதையுமே மழுங்கடிக்கும். குவியத்தை இம்மி இம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணினியில் அடுக்கலாம். செத்த பூச்சிக்கு அது சரி, ஓடும் எறும்பு நிற்குமா? பக்கவாட்டில், அதன் உடல் சென்சாருக்கு இணையாக வரும்போது அமுக்குங்கள். லென்ஸ் வாங்குவதானால் 60 மி.மீ.யைவிட 100 மி.மீ. என் தேர்வு: அதே அளவு உருவத்தைச் சற்றுத் தள்ளியிருந்தே எடுக்கலாம், நம் நிழலும் எறும்பின்மேல் விழாது.