மதுரைக்கு எந்த ரூட்? கொடும்பாளூரில் மூன்றாகப் பிரிந்த கண்ணகியின் பாதை

திருச்சி - மதுரை சாலையில், விராலிமலை தாண்டினால் கொடும்பாளூர். காரில் போனால் கவனிக்காமலே கடந்துவிடலாம். ஆனால் சிலப்பதிகாரத்தில் இதுதான் முக்கியமான திருப்பம்.

உறையூரிலிருந்து கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் மதுரைக்கு நடக்கிறார்கள். மேப் கிடையாது, போர்டு கிடையாது. எதிரே வந்த மாங்காட்டு மறையவர் வாயால் சொன்னதுதான் வழி: கொடும்பாளூர்க் குளம் தாண்டினால் பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் சிறுமலை, வறண்ட காடு. இடப்பக்கம் அழகர்மலை. நடுவழி ஊரும் காடுமாக ஈஸிதான். என்ன, அங்கே வழிப்போக்கரை மயக்கும் ஒரு தெய்வம் உண்டாம்!

நடுவழியில்தான் போனார்கள். கோவலன் தனியாகத் தண்ணீர் எடுக்க இறங்க, அந்தத் தெய்வம் மாதவியின் தோழி வடிவில் வந்து நின்றது. மந்திரம் சொல்லித் தப்பித்தான்.

அப்புறம் வெயில். கண்ணகியால் தாங்க முடியாது என்று நிலவொளியில் நடந்தார்கள். கடைசித் தடை வைகை. அதை மரத்தெப்பத்தில் கடந்து தென்கரை சேர்ந்தார்கள்.