தொகை கூடியது, அம்மாவின் சம்பளம் என்ன ஆனது?

வரவு செலவுத் திட்டம் வரும்போதெல்லாம், மாற்றுத் திறனாளிகளுக்கான உதவித் தொகை கூடுமா என்று காது கொடுத்துக் காத்திருக்கும் குடும்பங்கள் போர்டிக்சன் வட்டாரத் தோட்டங்களிலும் உண்டு. 2021ஆம் ஆண்டுத் திட்டத்தில் அது கூடியது. வேலை செய்ய இயலாதவருக்கு மாதம் 250 வெள்ளியாக இருந்தது 300 ஆனது. வேலைக்குப் போகும் மாற்றுத் திறனாளிக்கான அலவன்ஸ் 400லிருந்து 450 ஆனது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிப்பதற்கான தொகை 350லிருந்து 500க்கு உயர்ந்தது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் இந்தக் கணக்கை அடுப்படியில் இருந்தும் போட்டுப் பார்க்க வேண்டும். இவ்வார அங்கத்தின் பொருள் அதுவே.

சுவா பெத்தோங் தோட்டத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார், அம்மா உதிரிப் பழம் பொறுக்குகிறார். சாலை விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு மகன் படுக்கையில் விழுகிறான். அவனைக் குளிப்பாட்ட, புரட்டிப் படுக்க வைக்க, சோறு ஊட்ட முழு நேரமும் ஓர் ஆள் வேண்டும். யார் அந்த ஆள் என்ற பேச்சே நம் வீடுகளில் எழாது. அம்மா வேலையை விட்டு நின்றுவிடுவார்.

2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அதை விட்டுவிட்டு 500 வெள்ளியை வாங்கினால் மாதம் 1,200 வெள்ளி துண்டு விழுகிறது. சேமநிதிச் சந்தா நிற்கிறது, சொக்சோ பாதுகாப்பும் போகிறது. சிரம்பான் பெரிய மருத்துவமனைக்கு வேன் வாடகை, மாதாமாதம் பெம்பர்ஸ், புண்ணுக்கு மருந்து என்று செலவு மட்டும் ஏறுகிறது.

சரி, அந்த 500 வெள்ளியைக் கொடுத்துப் பக்கத்து வீட்டு அக்காவை நான்கு மணி நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா வேலைக்குப் போகலாமே? அங்கேதான் சிக்கல். வீட்டில் ஒருவர் முழு நேரமாகப் பராமரிக்கிறார் என்பதை வைத்துத்தான் இந்த உதவி கொடுக்கப்படுகிறது. பணம் கைக்கு வருகிறது, முடிவெடுக்கும் உரிமை உடன் வருவதில்லை.

அந்த உரிமையையும் சேர்த்துக் கொடுத்த நாடுகள் உண்டு. பிரிட்டனில் 1996இல் ஒரு சட்டம் நிறைவேறியது. உதவியாளரை நகராட்சி அனுப்புவதற்குப் பதில் அதற்கான பணத்தை மாற்றுத் திறனாளியிடமே கொடுக்க அது வழி செய்தது. யாரை வைப்பது, எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்பதெல்லாம் அவர் விருப்பம். ஆனால் ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்கு அதிலிருந்து சம்பளம் கொடுப்பதைப் பொதுவாக அங்கே ஏற்பதில்லை. நம் அம்மாவுக்கு அங்கேயும் சங்கடம்தான்! ஆஸ்திரேலியாவும் 2013இல் தேசிய அளவில் இத்தகைய திட்டம் கொண்டு வந்தது.

உரிமை கொடுத்த இடத்தில் எல்லாம் சுகமாகிவிட்டதா என்றால், இல்லை. 2024 மார்ச் 18ஆம் தேதி நியூசிலாந்து அரசு, இந்தப் பணத்தில் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்ற விதியைத் திடீரென இறுக்கியது. பயணச் செலவு, தங்கும் செலவு போன்றவை அடிபட்டன. அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவும் எவையெல்லாம் ஆதரவுச் செலவு என்று பட்டியல் போட்டது. தொகையைத் தொடாமலே விதியை மாற்றினாலும் குடும்பத்தின் அன்றாட ஏற்பாடு கலைந்துவிடும் என்பதை அங்குள்ள பெற்றோர்கள் கண்டுகொண்டார்கள்.

மலேசியாவில் மாற்றுத் திறனாளிகள் சட்டம் 2008இல் நடப்புக்கு வந்தது. 2010இல் ஐ.நா. உடன்படிக்கையையும் நாடு ஏற்றது. சமூகத்தோடு சேர்ந்து வாழத் தேவையான உதவியாளர் வசதியைப் பற்றி அதன் 19ஆம் பிரிவு பேசுகிறது. இங்கே அதற்கு ஓரளவு நெருங்கி வருவது, 1984இல் திரங்கானுவின் பத்து ராக்கிட்டில் தொடங்கிய சமூக மறுவாழ்வுத் திட்டம். பி.டி.கே. மையம் என்றால் பலருக்கும் தெரியும். பிள்ளை பகலில் அங்கே இருந்தால் அம்மாவுக்குச் சில மணி நேரம் கிடைக்கும். ஆனால் தோட்டத்துக்குள்ளிருந்து கொண்டுபோய் விட்டுக் கூட்டி வர வண்டி வேண்டுமே!

பலர் ஏமாந்து போகும் ஓர் இடம் உண்டு. மாற்றுத் திறனாளி அட்டை கிடைத்துவிட்டால் பணம் தானாக வராது. அட்டை என்பது பதிவு மட்டுமே. உதவித் தொகைக்குச் சமூக நல இலாகாவில் தனியாக மனுச் செய்ய வேண்டும், குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள். குடியுரிமையும் வேண்டும். சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் குடும்பம் முதலில் அந்தக் கதவைத் தட்ட வேண்டியுள்ளது.

வேலையை விட்ட அம்மாவுக்கு வேறு ஒரு வழியும் இருக்கிறது. 2022 டிசம்பரில் இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டத்தை சொக்சோ தொடங்கியது. 55 வயதுக்குட்பட்ட இல்லத்தரசிக்கு ஆண்டுக்கு 120 வெள்ளி கட்டினால், வீட்டு வேலையில் ஏற்படும் விபத்துக்குப் பாதுகாப்பு உண்டு. வளர்ந்த மகனைத் தினமும் தூக்கி இறக்கும் அம்மா கால் இடறி விழுந்தால், கேட்டுப் பார்க்க ஓர் இடம் இருக்கும்.