பழைய பயிர்க்கடன்: பேசித் தீர்ப்பது எப்படி?

மழை பொய்த்தோ, விலை சரிந்தோ வங்கிக் கடனைத் தவணைப்படி கட்ட முடியாமல் போவது உண்டு. சில ஆண்டுகள் கழித்து, வங்கியின் சார்பில் வசூல் ஏஜெண்டு வாசலில் வந்து நிற்பார். "இவ்வளவு கட்டினால் போதும், கணக்கை முடித்து விடலாம்" என்பார். இதற்கு ஒரே தவணைத் தீர்வு என்று பெயர். முறையாகப் பேசினால் இது விவசாயிக்கு நன்மையே. அவசரப்பட்டால் பணமும் போகும், கடனும் நிற்கும்.

வந்தவர் யார்?

ஏஜெண்டிடம் அடையாள அட்டையும், வங்கி தந்த அதிகாரக் கடிதமும் இருக்க வேண்டும். இரண்டையும் கேட்டுப் பாருங்கள். பிறகு வங்கிக் கிளைக்கு நேரில் சென்று, கடன் இன்னும் வங்கியிடம் உள்ளதா, வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டதா என்று விசாரியுங்கள். காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் ஏஜெண்டு போன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. மிரட்டுவதும், ஊரார் முன் அவமானப்படுத்துவதும் கூடாது.

"நிலத்தை நாளையே ஏலம் விடுவோம்" என்றால் நடுங்க வேண்டாம். 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டம் விவசாய நில அடமானத்துக்குப் பொருந்தாது.

கணக்கு முக்கியம்

பேச்சைத் தொடங்கும் முன் கடன் கணக்கின் நகலை வாங்குங்கள். அசல், வட்டி, அபராத வட்டி, இதர செலவு ஆகியவற்றைத் தனித்தனியே பாருங்கள். சிறு, குறு விவசாயிகளின் குறுகிய காலக் கடனில் மொத்த வட்டி அசலை மிஞ்சக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது.

ஓர் உதாரணம்: 3 ஏக்கர் வைத்திருப்பவர் பயிர்க்கடனாக ரூ.60,000 வாங்கி, எதுவும் கட்டவில்லை. பாக்கி ரூ.1,60,000 என்கிறார்கள். அசலும் வட்டியும் சேர்த்து ரூ.1,20,000-ஐ தாண்டக் கூடாதே! மீதி ரூ.40,000 எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். சலுகை பற்றிய பேச்சு அதன் பிறகுதான்.

உங்களால் ஒரே தடவையில் எவ்வளவு புரட்ட முடியுமோ, அதை மட்டும் சொல்லுங்கள். கெடுவை அறுவடை முடிந்து நெல் விற்ற பின் வரும்படி கேளுங்கள். கெடு தவறினால் சலுகை ரத்தாகி, முழுப் பாக்கியும் திரும்ப வரக்கூடும். கந்து வட்டிக்கு வாங்கி இதை அடைப்பது, ஒரு குழியிலிருந்து ஏறி மறு குழியில் விழுவதே.

கையெழுத்தில் கவனம்

அடமானம் இல்லாத கடனுக்கு வழக்குப் போடும் கெடு பொதுவாக 3 ஆண்டு. நில அடமானக் கடனுக்கு 12 ஆண்டு. கெடுவுக்குள் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்திட்டால், அன்றிலிருந்து புதிதாகக் கெடு தொடங்கும். கெடு கடந்த பின் "கட்டுகிறேன்" என எழுதித் தந்தாலும் அது செல்லும். ஆகவே ஏஜெண்டு நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள்.

வாய்ச்சொல் போதாது

கடன் எண், தொகை, கெடு, "இதற்குமேல் பாக்கி இல்லை" என்ற உறுதி ஆகியவை கொண்ட கடிதத்தை வங்கியிடம் பெற்ற பிறகே பணம் கட்டுங்கள். ஏஜெண்டு கையில் ரொக்கம் கொடுக்காமல், கடன் கணக்கிலேயே கட்டி ரசீது வாங்குங்கள். கடன் தீர்ந்த 30 நாளில் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு என்பது 2023 டிசம்பரில் அமலான விதி.

ஒன்றை மறக்க வேண்டாம். சலுகையில் முடித்த கடன், கடன் தகவல் அறிக்கையில் அவ்வாறே பதிவாகும். மறு பயிர்க்கடன் எப்போது கிடைக்கும் என்பது அந்தந்த வங்கியின் கொள்கையைப் பொறுத்தது. அதையும் முன்பே கேட்டுக் கொள்ளுங்கள்.

பேச்சு முறிந்தால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. ஏற்படும் சமரசம் தீர்ப்புக்குச் சமம். அதன் மேல் அப்பீலும் இல்லை. விவரங்களுக்கு உங்கள் வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். வங்கிக்கு எழுதிய புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

கடனைத் தீர்ப்பது நம் கடமை. அதைக் கணக்கோடும் ரசீதோடும் தீர்ப்பது நம் உரிமை.