வரப்போரம் கேட்ட சேப்பாக்கம்

கம்யூன் கதைகள் – 12

32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. 1964 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் பாபு நட்கர்னி போட்டுவைத்த கணக்கு இது. தொடர்ச்சியாக 131 பந்துகள், ஒரு ரன்கூட இல்லை. இன்றைய இருபது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணிக்குக் கிடைப்பதே 120 பந்துகள்தான்.

அந்த ஆட்டத்துக்கும் புதுச்சேரிக் கம்யூன்களைப் பற்றிய நம் கதைத் தொடருக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறினாலும், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது 1962 ஆகஸ்ட் 16-ல். அதற்குப் பிறகு சென்னையில் நடந்த முதல் டெஸ்ட் இதுதான். வில்லியனூர், பாகூர் கம்யூன்காரர்கள் சட்டப்படி இந்தியக் குடிமக்களாகக் காது கொடுத்த முதல் சென்னை டெஸ்ட் என்றும் சொல்லலாம்.

பிரெஞ்சுக்காரர்கள் நமக்குக் கிரிக்கெட்டை விட்டுப்போகவில்லை. கால்பந்து இருந்தது, இரும்புக் குண்டு உருட்டும் பெத்தாங்க் இருந்தது. மட்டையும் பந்தும் வடக்கே சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி, ஆங்கிலேயர் ஆண்ட சென்னையிலிருந்து வந்தன. வந்த வழி வானொலி. ரேடியோ வைத்துக்கொள்ளத் தபால் அலுவலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டிய காலம் அது. மரப்பெட்டி ரேடியோ திண்ணையைத் தாண்டாது. டிரான்சிஸ்டர் வந்த பிறகுதான் ஆட்டம் தோளில் தொங்கிக்கொண்டு களத்துமேட்டுக்கும் வரப்புக்கும் வந்தது.

வந்த நேரமும் தோதான நேரம். சென்னையில் ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் இடையே 1952 வரை நடந்துவந்த பிரசிடென்சி ஆட்டமே பொங்கலையொட்டித்தான் வைக்கப்பட்டது. அந்தப் பழக்கத்தை டெஸ்ட் ஆட்டம் எடுத்துக்கொண்டது. 1967-ல் டெஸ்ட் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தை விட்டுச் சேப்பாக்கம் மைதானத்துக்குத் திரும்பிய பிறகு ‘பொங்கல் டெஸ்ட்’ என்றே பெயர் நிலைத்தது. பாகூர் ஏரிப் பாசனத்தில் சம்பா முற்றி, அறுப்புக்கு ஆள் தேடும் நாட்கள் அவை. அறுவடையும் ஒரே நாளில் முடிகிற வேலையில்லை. அறுத்து, கட்டிக் களம் சேர்த்து, அடித்து, தூற்றி முடிப்பதற்குள் வெயில், பனி, ஆள் பற்றாக்குறை என்று எத்தனையோ குறுக்கே வரும். ஐந்து நாள் ஆட்டமும், நடுவில் ஓர் ஓய்வு நாளும் அந்த வேலையின் போக்கோடு பொருந்திப் போயின. காலையில் மடை பார்க்கப் போகும்போது இரண்டு விக்கெட், கஞ்சி குடிக்க வரும்போது நான்கு. இடையில் என்ன நடந்தது என்று சொல்ல வரப்பில் யாராவது ஒருவர் இருப்பார்.

1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட் இதற்குச் சரியான சான்று. முதல் நாள் உணவு இடைவேளைக்குள் ஃபரூக் எஞ்சினியர் 94 ரன் குவித்துவிட்டார். கடைசி நாளில் வெற்றி இந்தியாவின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஏழு விக்கெட் விழுந்த பிறகு சோபர்ஸ் ஒரு முனையில் நின்றார். மறுமுனையில் வேகப்பந்து வீச்சாளர் கிரிஃபித் காலாலும் உடம்பாலும் பந்தைத் தடுத்துத் தடுத்தே பொழுதைக் கடத்தினார். ஆட்டம் டிரா. யாரும் ஜெயிக்காத ஓர் ஆட்டத்தை மாலைவரை நகம் கடித்துக் கேட்க வைத்தது டெஸ்ட் கிரிக்கெட்டின் தனி வித்தை.

அடுத்தது 1975, மறுபடியும் மேற்கிந்தியத் தீவுகள். தொடரில் 2–0 என்று பின்தங்கி, கல்கத்தாவில் ஒன்றை வென்றுவிட்டு இந்தியா சேப்பாக்கம் வந்தது. ஆண்டி ராபர்ட்ஸ் 64 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்தார். ஒருபக்கம் விக்கெட்டுகள் சரிய, குண்டப்பா விஸ்வநாத் மட்டும் நின்றார். இந்தியாவின் மொத்தம் 190, அதில் அவர் ஆட்டமிழக்காமல் 97. பேடியும் அவருக்குப்பின் சந்திரசேகரும் மறுமுனையில் நின்று கொடுத்தார்கள். மூன்று ரன்னில் சதம் போயிற்று. பிறகு பிரசன்னா இரண்டு இன்னிங்ஸிலுமாக 9 விக்கெட் எடுக்க, இந்தியா 100 ரன்னில் வென்று தொடரைச் சமன் செய்தது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல். ஆகவே சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களைத் தவிர, நம் பக்கத்தில் அந்த 97-ஐ நேரலையில் கண்ணால் கண்டவர் யாருமில்லை. ஆனாலும் விஸ்வநாத்தின் ஸ்கொயர் கட் எப்படிப் பறந்தது என்று கையை வீசிக் காட்டும் பெரியவர்கள் இன்றும் கிராமத்துக்கு ஒருவராவது இருக்கிறார்கள். வர்ணனையாளர் சொன்னதைக் கொண்டு தாங்களே வரைந்துகொண்ட ஷாட் அது. தமிழ் வர்ணனையில் கூத்தபிரான், அப்துல் ஜப்பார் போன்றவர்களின் குரல்கள் வந்தபோது ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் கவர் எது, மிட் விக்கெட் எது என்று திசை பிடிபட்டது. மைதானத்தைப் பார்க்காமலே மைதானத்தின் வரைபடம் மனப்பாடமாயிற்று.

இவ்வளவு சொன்ன பிறகு, அந்தக் காலமே பொற்காலம் என்று முடித்துவிட்டால் அது அரைக் கதைதான். நட்கர்னி பந்து வீசிய அந்த இங்கிலாந்துத் தொடரில் ஐந்து டெஸ்ட்; ஐந்தும் டிரா. அதற்கு முன் 1960–61-ல் பாகிஸ்தான் வந்தபோதும் ஐந்துக்கு ஐந்து டிரா. தோற்றுவிடக் கூடாது என்ற ஒரே பயத்தில் ஆடிய ஆட்டங்கள் அவை. கேட்டவர்கள் அலுத்துப்போய் ரேடியோவின் காதைத் திருகியதும் உண்டு. நினைவுக்கு ஒரு வசதி, விஸ்வநாத்தை வைத்துக்கொண்டு சலிப்பை உதறிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஐந்து நாள் காது கொடுக்கிற ஓய்வு எல்லாருக்கும் இருக்கவில்லை. ரேடியோ நிலம் வைத்திருந்தவரின் திண்ணையிலோ தோளிலோ இருந்தது. குனிந்து கதிர் அறுத்தவர்களுக்கு அது காற்றில் வந்து போன சத்தம். அடுப்படியில் பொங்கல் வேலை பார்த்த பெண்களிடம் யாரும் ஸ்கோர் சொன்னதில்லை. அந்தக் காலத்து டெஸ்ட் ரசனையைப் பேசும்போது, ரசிக்க நேரம் வாய்த்தவர் யார், வாய்க்காதவர் யார் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் நடந்த கடைசி டெஸ்ட் 1988-ல். தன் முதல் டெஸ்டிலேயே நரேந்திர ஹிர்வானி 136 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தது அதில்தான். அதற்குள் தொலைக்காட்சிப் பெட்டி ஊருக்குள் நுழைந்திருந்தது. பிறகு ஆட்டக் கால அட்டவணை தையையும் சம்பாவையும் மறந்தது. ஆனால் சேப்பாக்கத்து ரசிகர் மாறவில்லை. 1999 ஜனவரியில் டெண்டுல்கர் 136 எடுத்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, வென்ற பாகிஸ்தான் அணிக்கு மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கை தட்டியது. நாள்கணக்கில் உட்கார்ந்து பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் எதிரணியின் உழைப்பும் கண்ணில் படும்.

நம் ஊர்க் கதையில் திருப்பம் அதற்குப் பிறகு வந்தது. ஒருகாலத்தில் குரலாக மட்டும் வந்த ஆட்டம், வில்லியனூர் கம்யூனுக்குள்ளேயே துத்திப்பட்டில் மைதானம் போட்டு உட்கார்ந்துவிட்டது. 2018–19 பருவத்தில் ரஞ்சிக் கோப்பைக்குள் புதிதாக வந்த ஒன்பது அணிகளில் புதுச்சேரியும் ஒன்று. நான்கு நாள் ஆட்டம் இப்போது பேருந்து தூரத்தில் நடக்கிறது. 2025-ல் தொடங்கிய பாண்டிச்சேரி பிரீமியர் லீக்கில் வில்லியனூர் பெயரிலும் ஊசுடு பெயரிலும் அணிகள் ஆடுகின்றன. அந்த இருபது ஓவர் ஆட்டத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. அது பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயரில் சட்டை தைத்துக் கொடுத்திருக்கிறது.

என் குறையெல்லாம் நம்மைப் பற்றித்தான். 1975-ஐ நினைத்து உருகுகிறவர்கள், சொந்த அணி நான்கு நாள் ஆடும்போது திரும்பிப் பார்ப்பதில்லை. கிரிக்கெட் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: ரஞ்சி ஆட்டம் நடக்கிற நாட்களில் பாகூர், வில்லியனூர் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, அழைத்துவந்து உட்கார வையுங்கள். பெரியவர்களுக்கும் ஒன்று: அடுத்த பருவத்தில் பேரனையோ பேத்தியையோ கூட்டிக்கொண்டு துத்திப்பட்டுக்குப் போங்கள். ஒரு மெய்டன் ஓவர் ஏன் நல்ல ஓவர் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். அதைச் சொல்லித்தர இனி உங்களை விட்டால் ஆள் இல்லை.

(தொடரும்)